பத்து விநாடிப் பட்டியல்

என் அண்ணனுக்குக் கை சும்மா இருக்காது. அம்மாவின் லேப்டாப் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஏற்கெனவே ஓர் இயங்குதளம், அதாவது கணினியையே இயக்கும் மென்பொருள், இருந்தது. "இதையும் போட்டா சும்மா பறக்கும்" என்று இரண்டாவதாக இன்னொன்றையும் ஏற்றிவிட்டான்.

பறக்கவில்லை. படுத்துவிட்டது. திறந்தால் ஒரே கறுப்புத் திரை.

அம்மா வீடு கட்டுபவர்களுக்கு வரைபடம் போட்டுத் தருபவர். முடித்து வைத்த வரைபடம் லேப்டாப்புக்குள் மாட்டிக்கொண்டது. ஐந்து மணிக்குள் அனுப்பாவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். மணி நாலரை.

"உன்னை யாருடா இதைத் தொடச் சொன்னா?" அம்மா கத்தினார்.

"இதோம்மா, அஞ்சே நிமிஷம்!" ஆறாவது முறையாக இதைச் சொன்னான் அண்ணன்.

சரிசெய்வது எப்படி என்ற வீடியோ அவன் போனில் இருந்தது. போனோ சமையலறையில் சார்ஜில் கிடந்தது. ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். பேட்டரி செத்த லேப்டாப்பையும் ஹால் பிளக்கை விட்டு நகர்த்த முடியாது. அதனால் லேப்டாப் பொத்தானை அழுத்துவான், சமையலறைக்கு ஓடுவான், திரும்பி வந்து தலையில் கை வைப்பான்.

"நான் வேணா..." என்றேன்.

"நீ எதையும் தொடாதே. பார்த்துட்டு மட்டும் இரு!"

பார்த்தேன். அவன் அந்தப் பக்கம் ஓடியதும் திரையில் ஒரு சின்னப் பட்டியல் வந்தது. முதல் வரியில் புதுசின் பெயர், கடைசி வரியில் பழசின் பெயர். கீழே பத்து, ஒன்பது, எட்டு என்று எண்கள் இறங்கின. யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. அதனால் அது தானாகவே முதல் வரிக்குப் போய்க் கறுப்பாகிவிட்டது.

"அண்ணா, ஒரு பட்டியல்..."

"தொணதொணக்காதே!"

"அம்மா, திரையில..."

"நீ வேற ஏண்டி!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வீட்டில் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல விடமாட்டார்கள். ஆனால் அண்ணனின் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் பாதிக் கோபம் இறங்கிவிட்டது.

அடுத்த முறை அவன் பொத்தானை அழுத்தியதும், பின்னாலிருந்து சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"விடு! கிழியப் போகுது!"

"கிழியட்டும். திரையைப் பாரு!"

பட்டியல் வந்தது. பத்து. ஒன்பது.

அண்ணன் வாயைப் பிளந்தான்.

"அப்புறமா ஆச்சரியப்படு! கடைசி வரிக்குப் போ!"

அவன் விரல் கீழ் அம்புக்குறியைத் தட்டித் தட்டி இறங்கியது. கடைசி வரி. என்டர்.

அம்மாவின் பழைய திரை பளிச்சென்று வந்தது. அவர் வரைபடத்தை அனுப்பி முடித்தபோது மணி நாலு ஐம்பத்திரண்டு.

"இது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றான் அண்ணன்.

"நீதானே பார்த்துட்டு மட்டும் இருன்னு சொன்னே. பார்த்தேன்."