கோகிலவாணியின் பூட்டிய அக்கவுண்ட்

மொரப்பூர் பஸ்ஸில், சாரலுக்குப் பயந்து கோகிலவாணி சடக்கென்று ஜன்னலை இழுத்து மூடினாள். பின் சீட்டுக்காரனின் விரல் நசுங்கியது.

"ஐயோ! கைங்க அது!"

"ஜன்னல்ல எதுக்குங்க கைய வெக்கிறீங்க?"

சீறித் திரும்பியவள் அந்தக் கண்களைப் பார்த்தாள். மழை ஒட்டிய இமைகள்... கோபப்படத் தெரியாத கண்கள். மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்து, வீம்பில் நின்றுவிட்டது.

அவள் வேலை பார்க்கும் நல்லம்பள்ளி மாம்பழக்கூழ் கம்பெனி ஆபீசுக்குள் நுழைந்தால், அங்கே புது சிஸ்டம் அட்மினாக நிற்கிறான் அதே ஆள்! இளம்பரிதியாம். வீங்கிய விரலோடு ஒவ்வொருவருக்கும் புது அக்கவுண்ட் போட்டுக்கொடுத்தான். அவள் முறை வந்தபோது அவன் கம்ப்யூட்டரை எங்கே பார்த்தான்?

அத்தோடு சரி கண்ணுங்களா, பிறகு அவள் சீட்டுப் பக்கமே அவன் வரவில்லை. எந்நேரமும் பக்கத்து சீட்டு தேவிப்பிரியாவிடம்தான்.

"சார், இந்த ஃபைல் தொறக்க மாட்டேங்குது..."

"சார், பிரிண்ட் போவல..."

அவன் குனிவான், தட்டுவான், சிரிப்பான். கோகிலவாணிக்கோ தொட்டதெல்லாம் திறந்தது. பாழாய்ப்போன இந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு கோளாறுகூட வராதா?

ஒருநாள் தேவிப்பிரியா முறுக்கு நீட்டினாள். அவனும் வாங்கிக் கடித்தான். அவ்வளவுதான்... கோகிலவாணி வேண்டுமென்றே தப்பான பாஸ்வேர்டை அடித்தாள். மறுபடி... மறுபடி... அக்கவுண்ட் பூட்டிக்கொண்டது.

வந்தான்.

"பாஸ்வேர்ட் மறந்துடுச்சுங்களா?"

"உங்களுக்குத்தான் முறுக்கு திங்கவே நேரம் பத்தலையே!"

திரையைப் பார்த்தவன் திடுக்கிட்டான். "ஐயையோ... நீங்க என் அட்மின் குரூப்லயா இருக்கீங்க! குரூப் சொல்லாம அக்கவுண்ட் போட்டா, இந்த சிஸ்டம் அதைப் போடறவங்க குரூப்லயே சேத்துடும். மத்தவங்களை எல்லாம் ஸ்டாஃப் குரூப்புல போட்டேன். அவங்களுக்கு எது தொறக்கவும் நான் வரணும். உங்களுக்கு எல்லாமே தொறந்து கெடந்திருக்கு! அதான் நீங்க என்னைக் கூப்புடவே இல்ல... நான் பஸ் கோவம் இன்னும் தீரலன்னு நெனச்சேன்."

"என்னை மட்டும் ஏன் மறந்தீங்களாம்?"

"மறக்கலைங்க..." அவன் குரல் இறங்கியது. "உங்களையே பாத்துட்டிருந்தேன்."

வெளியே தகரக் கூரையில் மழை தடதடத்தது.

"மேனேஜருக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும். இப்பவே உங்களையும் ஸ்டாஃப் குரூப்புக்கு மாத்திடறேன். இனி எல்லாத்துக்கும் என்னைத்தான் கூப்புடணும்... பரவால்லீங்களா?"

அவள் அவனுடைய கறுத்த நகத்தைப் பார்த்தாள்.

"இன்னும் வலிக்குதுங்களா?" கண் கலங்கியது. "மாத்துங்க. சீக்கிரம் மாத்துங்க. ஆனா, அவ கூப்புட்டா மெதுவா போங்க... நான் கூப்புட்டா ஓடி வரணும்."

"ஏனாம்?"

"புடிச்சிருக்குங்க... அதான்."