திரையில் திறந்திருந்த கொல்லைக் கதவு

"அக்கா, உங்க பின்னாடி கதவு திறந்து கிடக்கு. சாரல் உள்ள அடிக்குது பாருங்க" என்றாள் கூட வேலை பார்க்கும் கவிப்ரியா, வீடியோ மீட்டிங் தொடங்கியதும் தொடங்காததுமாக.

தமிழ்நிலா திரும்பிப் பார்த்தாள். கொல்லைக் கதவு சாத்தியேதான் இருந்தது. தாழ்ப்பாளும் போட்டபடி. வெளியே தகரச் சார்ப்பின்மேல் ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"சாத்தித்தான் இருக்கு கவி."

"இல்லக்கா. உங்க வீடியோவை நீங்களே பாருங்க."

பார்த்தாள். திரையின் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் அவள் முகம். தோளுக்குப் பின்னால் கொல்லைக் கதவு விரியத் திறந்திருந்தது. அதற்கு அப்பால் வாழை மரங்கள் மழையில் தலையாட்டின.

சென்னை அலுவலகம் போன வாரம்தான் அந்த மடிக்கணினியை அனுப்பியிருந்தது. ஏ.ஆர்.எம். சிப் போட்டது; ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் நாள் முழுக்க ஓடும். கரண்ட் போகாத நாளே இல்லாத அந்த வெண்ணாற்றங்கரை ஊரில் அது பெரிய வரம். ஆனால் அதோடு வந்த சிஸ்டம் அவள் கைக்குப் படியவில்லை. தஞ்சாவூரில் கல்லூரி படித்த காலத்திலிருந்து லினக்ஸ் என்ற வேறொரு சிஸ்டத்தில் பழகிய விரல்கள். அதனால் உள்ளேயே ஒரு வி.எம். போட்டாள். கணினிக்குள் இன்னொரு கணினி மாதிரி. இந்தச் சிப்புக்கென்றே கட்டிய லினக்ஸைத் தேடி இறக்கி, தனக்குப் பிடித்த டெஸ்க்டாப்பை அப்படியே அதில் வைத்துக்கொண்டாள். முழுத்திரையாக விரித்துவிட்டால் அதற்கு வெளியே வேறொரு சிஸ்டம் ஓடிக்கொண்டிருப்பதே மறந்துபோகும். கேமரா மட்டும் முரண்டு பிடித்தது. இன்று காலையில்தான் அதையும் வி.எம்.முக்குத் திருப்பிவிட்டிருந்தாள்.

"கேமராவோட டிரைவர் சாஃப்ட்வேர்ல ஏதோ கோளாறு" என்றாள். சொல்லும்போதே தெரிந்தது, எந்த டிரைவர் கோளாறும் ஒரு கதவைத் திறந்து காட்டாது.

கேமராவை வி.எம்.மிலிருந்து பிடுங்கி, மடிக்கணினியின் சொந்த சிஸ்டத்துக்குக் கொடுத்தாள். கதவு சாத்தியிருந்தது. மறுபடி லினக்ஸுக்குக் கொடுத்தாள். திறந்திருந்தது. இப்போது படியில் சேறு தெரிந்தது. ஈரச் சேறு, காலால் மிதித்துத் தேய்த்த மாதிரி.

மத்தியானம்தான். ஆனாலும் வானம் கவிழ்ந்து வீட்டுக்குள் அந்தி மாதிரி இருள் கட்டியிருந்தது. அறுத்த குறுவை நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் குவியலாகக் கிடந்தது. அதை மூடத் தார்ப்பாயோடு காலையிலேயே போன அவள் கணவன் இனியவன் இன்னும் வரவில்லை. குத்தகை நிலத்தில் அவன் போட்ட முதல் வெள்ளாமை அது.

"அக்கா" கவிப்ரியாவின் குரல் இறங்கியிருந்தது. "யாருக்கா அது? அண்ணனா?"

திரையில், கொல்லைப் படியில், ஓர் ஆள் நின்றிருந்தான். யூரியா சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டிருந்தான். முகம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு. வலக்கையில் அரிவாள்.

தமிழ்நிலா வெடுக்கென்று திரும்பினாள். சாத்திய கதவு. தாழ்ப்பாள். யாரும் இல்லை. ஆனால் நனைந்த சாக்கின் நாற்றம் எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறியது. சேற்று நாற்றமும் சேர்ந்து.

"கவி, இரு, நான்..."

லைன் அறுந்துபோனது. கவிப்ரியாவின் முகம் போய்விட்டது. கேமராக் கட்டம் மட்டும் நின்றது, அந்த ஆளோடு.

சிங்காரவேலு நினைவுக்கு வந்தான். பக்கத்து வயல்காரன். தண்ணீர் பாய்ச்சும் தகராறில் போன மாதம் வாய்க்கால் மடையருகே ஊரே பார்க்க இனியவனின் சட்டையைப் பிடித்து, "உன்னை வெட்டி இந்த மடையிலயே அடைச்சிடுவேன்டா" என்று கத்தியவன். இனியவன் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான். அன்றிலிருந்து அவளுக்குத்தான் சரியான தூக்கமில்லை.

போன் போட்டாள்.

"கிளம்பிட்டேன் நிலா. வண்டி சேத்துல மாட்டிக்கிச்சு. நடந்தே வந்துட்டிருக்கேன்."

"முன்வாசல் வழியா வாங்க. கொல்லைப் பக்கம் வராதீங்க!"

"என்னம்மா, கொல்லைப் பக்கமா? ஏன் கத்துற, என்ன ஆச்சு? மழையில ஒண்ணும் சரியா கேக்கல..."

அதோடு சரி. மறுபடி போட்டபோது மணியே போகவில்லை.

திரையில் அந்த ஆள் படி தாண்டி உள்ளே வந்தான். நாற்காலிக்குப் பின்னால். சாக்கின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் பதறி எழுந்து, நாற்காலி சாய, அடுப்படிக்கு ஓடித் தேங்காய் உடைக்கும் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தாள். சுவரோடு ஒட்டி நின்று திரையைப் பார்த்தாள்.

திரைக்குள் அவள் எழுந்திருக்கவே இல்லை.

அங்கே நாற்காலி சாயவில்லை. அதில் தமிழ்நிலா உட்கார்ந்திருந்தாள். குனிந்து, ஏதோ தட்டச்சு செய்துகொண்டு. பின்னால் அந்த ஆள் கையை உயர்த்தினான். அரிவாள் மேலே போனது.

கதவு அதிர்ந்தது.

இந்தக் கதவு. அவள் பக்கத்துக் கதவு.

தகரத்தில் மழை இரைந்தது. அதற்குள் ஏதோ கத்தல். சொல் புரியவில்லை. மறுபடி ஓர் இடி. தாழ்ப்பாளின் ஆணி பிதுங்கியது. இன்னொன்று. கழன்றது.

சாக்கு. கறுப்பு முகம். கையில் பளபளப்பு.

வெட்டினாள்.

முதல் வெட்டு தோளில் இறங்கி எலும்பில் மாட்டியது. இழுத்தாள். அவன் கை நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தக் கையை வெட்டினாள். விரல்கள் தரையில் விழுந்தன. அவன் முட்டி மடங்கியது. கழுத்தில் வெட்டினாள். சூடாக அவள் வாயில், கண்ணில், தாலியில் தெறித்தது. உப்புக் கரித்தது. மறுபடி. மறுபடி. அவன் ஓசை போட்டான். ஓசை இல்லை அது. பெயர்.

"நி...லா..."

சாக்கு நழுவியது.

இனியவன். தார்ப்பாய்க் கயிறு அறுக்கக் கொண்டுபோயிருந்த அரிவாள் அவனுடைய மற்ற கையிலிருந்து உருண்டு விழுந்தது. கண் திறந்திருந்தது. அவளையே பார்த்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, சாயக்கூடாத அளவுக்கு.

 அரிவாள் இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

திரையிலிருந்து பேச்சு கேட்டது.

"நல்ல மழை. நெல்லை எல்லாம் மூடியாச்சு நிலா."

அவன் குரல். திரைக்குள் அந்த ஆள், உயர்த்திய அரிவாளைக் கதவுநிலைக்கு மேலே செருகிவிட்டு, கொங்காணியைக் கழற்றி உதறினான். இனியவன். முழுசாக. நாற்காலியில் இருந்தவள் சிரித்துக்கொண்டே துண்டை எடுத்து நீட்டினாள். தலையைத் துவட்டியபடி அவன் அவள் தோள்மேல் குனிந்து, அவள் எதிரே இருந்த திரையைப் பார்த்தான்.

இந்தப் பக்கம் பார்த்தான்.

அவன் முகம் வெளுத்தது.

"யாரு நிலா அது? கையில அரிவாளோட... ஐயோ, கீழ யாரு கிடக்கிறா?"

நாற்காலியில் இருந்தவளும் நிமிர்ந்தாள். தமிழ்நிலாவும் தமிழ்நிலாவும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். 

"தெரியலங்க" என்றாள் உள்ளே இருந்தவள். "என் வி.எம்.முக்குள்ள ஏதோ ஓடுது..."

"நிறுத்து. முதல்ல அதை நிறுத்து!"

உள்ளே இருந்தவளின் கை மவுசுக்குப் போனது.

வேண்டாம் என்று சொல்லத் தமிழ்நிலா வாயெடுத்தாள்.

ஒரு கிளிக்.

மழை நின்றது. ஓய்ந்து நிற்கவில்லை; நின்றது. திறந்த கதவுக்கு வெளியே துளிகள் ஒவ்வொன்றும் அந்தரத்தில் தொங்கின. சாய்ந்த வாழையிலை சாய்ந்தபடியே. அரிவாளின் நுனியிலிருந்து பிரிந்த ரத்தச் சொட்டு, தரைக்கும் அவளுக்கும் நடுவில், விழாமல். அவள் மூச்சு தொண்டையில். இமை மூடவில்லை. அந்தக் கண்ணுக்கு நேர் கீழே, இனியவன் பாதி திறந்த வாயோடு, இன்னும் முழுசாகச் செத்துப்போகாமல்.