வயலே இல்லாத ஊரில் ஒரு விவசாயி!

"அய்யோ...! எனக்க மாப்பிளைய எவனோ அடிச்சுக் கொன்னுட்டானே...!"

அந்த அலறலில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றே ஒரு விநாடி நின்றுவிட்டது என்று எழுத ஆசைதான். நிற்கவில்லை. ஆனி மாதத்துக் காற்று யாருக்காகவும் நிற்பதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலு. கரும்பாறைவிளை.

வண்டிப்பாதையின் நடுவே மல்லாந்து கிடந்தான் ஏசுஅடிமை. மண்டை பிளந்திருந்தது. தலைமாட்டில் மனைவி நேசம்மாள் மாரில் அறைந்து அழுதாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பெண்குழந்தைகள்.

திருவிதாங்கூர் போலீஸ் இன்ஸ்பெக்டர் முத்துநாயகம் சைக்கிளை ஒரு பனையில் சாய்த்துவிட்டு வந்தார்.

"புருஷனுக்கு என்ன தொழிலும்மா?"

"விவசாயியாக்கும், ஏமானே!" பதில் அழுகையை முந்திக்கொண்டு வந்தது. "ராத்திரி வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போனாரு. திரும்பி வரும்போ எவனோ மறைஞ்சு நின்னு..."

முத்துநாயகம் பூதப்பாண்டிக்காரர். நெல்வயலில் விளையாடி வளர்ந்தவர். கிழக்கே பார்த்தார். பனை. மேற்கே பார்த்தார். பனை. நடுவில் செம்மண்.

"வயலு எங்கம்மா இருக்கு?"

நேசம்மாள் அழுகையை நிறுத்தினாள். யோசித்தாள். மறுபடியும் அழ ஆரம்பித்தாள்.

இன்ஸ்பெக்டர் குனிந்தார். தலையெல்லாம் உறைந்த ரத்தம். ஆனால் சட்டையில்... ஒரு சொட்டு இல்லை!

கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைச் சட்டை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போடுகிற சட்டை. கழுத்துவரை பட்டன் மாட்டியிருந்தது. ஒரு பட்டன் தவறான துளையில்!

"வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போறவன் ஆராதனைச் சட்டை போட்டுட்டா போவான்?"

முதல் பட்டனில் கை வைத்தார்.

"அவனைத் தொடாதீங்க ஏமானே! நானாக்கும் கொன்னேன்!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து நின்றான் ஒருவன். ரசலையன். செத்தவனின் தம்பி.

"எலேய் ரசலையா...!" நேசம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சும்மா இரிங்க மைனி. நாந்தான் ஏமானே. கல்லால அடிச்சேன்."

"எதுக்குடே அடிச்சே?"

"சொத்துத் தகராறு."

"என்ன சொத்து?"

ரசலையன் திரும்பி அண்ணனின் குடிசையைப் பார்த்தான். ஒரு பானை, ஒரு பாய், கூரையில் ஓட்டை.

முத்துநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. கொன்றுவிட்டு இல்லை என்பவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். கொல்லாமல் கொன்றேன் என்பவனை இன்றுதான் பார்க்கிறார்! அவன் தோளைப் பிடித்துக் குடிசைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

அங்கே ஒரு பனை. அதன் அடியில் மட்டும் மண் புதிதாக இருந்தது. யாரோ அள்ளிப் போட்டுப் பரத்தியிருந்தார்கள். பூட்ஸ் காலால் கிளறினார். மண்ணுக்கடியில் ரத்தம்... உடைந்த கலயம்... பனையேறும்போது காலில் மாட்டுகிற தளைநார். அறுந்துபோய்!

"பனையிலிருந்து விழுந்திருக்கான். அப்படித்தானேடே?"

ரசலையன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"விடியக்காலம் அக்கானி எறக்கக் கேறினான் ஏமானே. காத்து ஒரு தூக்கு தூக்கிச்சு. எனக்க கண்ணு முன்னாலதான்..."

"பொறவு எதுக்கு ரோட்டுல கொண்டுபோய்ப் போட்டிய? கொலைன்னு எதுக்கு நாடகம்?"

"இன்சூரன்சு ஏமானே."

"எது?"

"சர்வமங்கள இன்சூரன்சு கம்பெனி. செத்தா முந்நூறு ரூவா. விவசாயின்னா மாசம் அரை ரூவா கட்டினாப் போரும். பனையேறின்னா ரெண்டு ரூவா கட்டணுமாம். ரெண்டு ரூவாய்க்கு நாங்க எங்க போவோம்? விவசாயின்னு சொல்லிச் சேந்தான். பனையில விழுந்து செத்தான்னு தெரிஞ்சா காலணா தரமாட்டாவ."

"கோட்டாத்து ஜவுளிக்கடை முதலாளிக்கு எவ்வளவாம்?"

"அவருக்கும் அரை ரூவாதான். அவரு மெத்தையில இருந்துல்லா யாவாரம் செய்யுதாரு. விழமாட்டாரு."

இன்ஸ்பெக்டருக்குச் சுருக்கென்றது. மெத்தையில் இருப்பவனுக்குக் குறைச்சல். கஞ்சிக்கு வழியில்லாமல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுகிறவனுக்கு நாலு மடங்கு! என்ன நியாயமோ... யார் வகுத்த கணக்கோ!

"சரிடே. யாரோ அடிச்சான்னு விட்டிருக்கலாமே. நீ எதுக்குத் தலையைக் குடுக்கே?"

"ஆளு கெடைக்கலேன்னா கம்பெனி வருஷக்கணக்கா இழுக்கும்னு சொல்லுதாவ. ஆளு கெடைச்சா கேசு முடியும், பணம் வரும். பனையேற ஆம்பிளை இல்லாத வீட்டை நிலத்துக்காரரு காலி பண்ணச் சொல்லுவாரு. முந்நூறு ரூவா இருந்தா மைனி எங்கேயாவது ரெண்டு செண்டு வாங்கிப் பிள்ளையளோட ஒதுங்கிக்கிடுவா."

"நீயும் பனையேறிதானே? நீ ஏறிக் காப்பாத்தப்படாதா?"

"நானும் விழுவேன்லா ஏமானே. இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு. எனக்குப் பெண்டாட்டியா பிள்ளையா? ஜெயில்ல மூணு நேரம் கஞ்சி உண்டாம்."

முத்துநாயகம் நல்லவர். அதுதான் அன்றைய விபரீதத்துக்கே காரணம். கெட்டவராக இருந்திருந்தால் ரசலையனைக் கன்னத்தில் ஒன்று விட்டு, 'பனையிலிருந்து விழுந்து மரணம்' என்று எழுதிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்.

முற்றத்து அடுப்பில் அக்கானிப் பதநீர் கொதித்துக்கொண்டிருந்தது. தளைநாரை எடுத்தார். சுற்றிலும் பார்த்தார். குடிசை வாசலில் நேசம்மாள் மட்டும். அடுப்புக்குள் போட்டார்.

பொசுபொசுவென்று எரிந்தது... விழுந்து செத்ததற்கு இருந்த முக்கியமான அத்தாட்சி!

"கேளுடே. பேச்சு முத்திச்சு, ஆத்திரத்துல தள்ளினேன், கல்லுல விழுந்தான்னு மாஜிஸ்திரேட்டுகிட்ட சொல்லு. தூக்கு வராம நான் பாத்துக்கிடுதேன். கொஞ்ச வருஷம் உள்ள இருந்துட்டு வந்துரலாம்."

ரசலையன் அவர் காலில் விழுந்தான். கும்பிட வேண்டிய நேரம் அல்ல அது. அவனுக்குத் தெரியவில்லை. அவருக்கும்தான்!

நாகர்கோவில் மாஜிஸ்திரேட் முன்னால் ரசலையன் சொன்னான். எழுதிக்கொண்டார்கள். கைநாட்டு வைத்தான். ஜெயிலுக்குப் போகிறவன்போல் இல்லாமல், கல்யாணத்துக்குப் போகிறவன்போல வண்டியேறினான். ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரேதத்தின் மண்டையைப் பார்த்துவிட்டு, பலத்த அடி என்று ஒரு வரி எழுதி அனுப்பினார்.

மறுநாள் சாயங்காலம் கல்லறைத் தோட்டம். பெட்டியை மூடுகிற நேரம்.

ஒரு மோட்டார் கார் வந்து நின்றது.

கோட்டும் தொப்பியுமாக இறங்கினார் ஒருவர். ஏஜெண்டின் தந்தி கிடைத்து வந்த சர்வமங்கள கம்பெனியின் மேலதிகாரி. பெயர் தேவகுமார். நேசம்மாளிடம் தொப்பியைக் கழற்றி அனுதாபம் சொன்னார். குழந்தைகளுக்குப் பெப்பர்மிண்ட் கொடுத்தார்.

முத்துநாயகம் மிடுக்காக முன்னால் வந்தார்.

"கொலை சார். குற்றவாளி ஒத்துக்கிட்டான். கேஸ் முடிஞ்சாச்சு. பணத்தைச் சீக்கிரம் அனுப்பிருங்க."

"பிரமாதம் இன்ஸ்பெக்டர்! இவ்வளவு வேகமா ஒரு கொலையைக் கண்டுபிடிச்சு நான் பார்த்ததில்லை!"

தேவகுமார் பெட்டியருகே குனிந்தார்.

"ஒரே ஒரு பட்டன்... அனுமதி உண்டா?"

"வேண்டாம்...!" நேசம்மாள் கத்தினாள்.

பட்டன் கழன்றது. நெஞ்சின் நடுவே கறுத்து, தடித்து, காய்த்துப் போயிருந்தது தோல். தினமும் பனையைக் கட்டிப்பிடித்து ஏறுகிறவனின் நெஞ்சு!

"எந்த வயல்ல சார் இப்படிக் காய்ச்சுப் போகும்?"

"ஏறினா என்ன?" இன்ஸ்பெக்டரின் குரல் உயர்ந்தது. "அவன் செத்தது பனையில இல்லையே! அடிபட்டுல்லா செத்தான்!"

"எப்படிச் செத்தார்ங்கறதைப் பத்தி எங்களுக்குக் கவலையே இல்லை சார். காலராவில போயிருந்தாலும் இதே பதில்தான். பனையேறி விவசாயின்னு பொய் சொல்லிச் சேர்ந்தார். பாலிசி செல்லாது. அவ்வளவுதான்!"

முத்துநாயகம் பெட்டியைப் பார்த்தார். அப்படியானால் அந்தச் சட்டை... அந்த வண்டிப்பாதை... மாஜிஸ்திரேட் முன்னால் ரசலையன் வைத்த கைநாட்டு... எல்லாமே வீணா?

"உங்க ஏஜெண்டுதானே விவசாயின்னு எழுதினான்? இந்த ஊர்ல எத்தனை பேரு உங்க பாலிசி எடுத்திருக்காவ?"

"நாற்பது பேர்."

"எல்லாரும்?"

"விவசாயிகள்."

"இங்க வயலே கிடையாதே சார்!"

"தெரியுமே!" தேவகுமார் புன்னகைத்தார். "பனையேறி ரேட்டுன்னா ஒருத்தனும் சேரமாட்டான். விவசாயின்னு எழுதினா ஊரே சேரும். மாசாமாசம் ஒழுங்காக் கட்டுவாங்க. செத்தா ஒரு பட்டனைக் கழற்றினாப் போதும்... நாங்க ஒண்ணும் கொடுக்க வேண்டியதில்லை. நல்ல வியாபாரம் சார்!"

நேசம்மாள் ஓடிவந்து இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்தாள்.

"ஏமானே, பணம் போவட்டு. எனக்க கொழுந்தனை வெளிய விடச் சொல்லுங்கோ! அவரு பனையில இருந்துதான் விழுந்தாரு! உங்களுக்குத் தெரியும்லா! அந்தத் தளைநாரை நீங்கதானே..."

தேவகுமாரின் புருவம் உயர்ந்தது.

"தளைநாரா? எங்கே அது?"

எல்லோரும் முத்துநாயகத்தைப் பார்த்தார்கள். பெட்டிக்குள் கிடந்தவனைத் தவிர.

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரசலையன் வெளியே வந்துவிடுவான். இவர் உள்ளே போய்விடுவார். வேலை, பென்ஷன், பூதப்பாண்டியில் காத்திருக்கும் மனைவி மக்கள்... எல்லாம் கண்முன் வந்து நின்றன.

வாயைத் திறந்தார்.

மூடிக்கொண்டார்.

"துக்கத்துல என்னமோ பேசுதா. பெட்டியை மூடுங்கடே" என்றார். சொல்லும்போதே தன்மீது அருவருப்பாக இருந்தது. ஆனாலும் சொன்னார்.

ஆணி இறங்கும் சத்தம் கேட்டது. நேசம்மாள் அழவில்லை. அழுகிற மாதிரி நடிக்க வேண்டிய அவசியம் தீர்ந்துவிட்டது. உண்மையாக அழுவதற்கு உடம்பில் தெம்பில்லை.

தேவகுமார் காரில் ஏறினார். ஏதோ நினைவு வந்தவராய் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"மனசைத் தளரவிடாதீங்கம்மா. வேணும்னா உங்க கொழுந்தனுக்கு ஒரு பாலிசி போட்டுத் தரேன். ஜெயிலுக்குள்ளே பனைமரம் கிடையாது... ரேட்டு ரொம்பக் குறைச்சல்!"