என் மெத்தையில் கடற்சிங்கம்

எங்கள் கடற்கரைத் தெருவில் மனுஷர் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். பெஞ்சு, படிக்கட்டு, பஸ் நிற்கும் இடம், எங்கே பார்த்தாலும் கடற்சிங்கங்கள் படுத்துக் குறட்டை விடும். எழுப்பக் கூடாது, தொடக் கூடாது, ரெண்டு மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும். கலாபகோஸ் தீவுகளில் அதுதான் சட்டம். அந்தத் தெருவில்தான் நான் மீனும் வாழைக்காயும் பொரித்து விற்கிறேன்.

என் வீட்டுப் பின்னறையில் தாமியா என்று ஒரு பெண் குடியிருந்தாள். பத்து வயசு. கடல் தாண்டி, பெருநிலத்து மலைப்பக்கத்திலிருந்து அப்பாவோடு வந்தவள். அப்பாவுக்குச் சுற்றுலாப் படகில் சமையல் வேலை. படகு கிளம்பினால் ஒரு வாரம் ஆளைப் பார்க்க முடியாது. வெளியிலிருந்து வருகிறவர்கள் தீவில் தங்க அரசாங்க அனுமதி வேண்டும், அம்மாவுக்கு அது இன்னும் வரவில்லை. அதனால் அப்பா இல்லாத நாட்களில் நான்தான் சாப்பாடு போடுவேன். சாப்பாடு போட்டால் போதுமா? கடையில் நிற்கிறவளுக்கு உட்கார்ந்து பேச ஏது நேரம்? அவள் பாட்டுக்குக் கடை ஓரமாக உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பள்ளிக்கூடத்திலும் அதே கதைதான். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் விளையாட்டாகப் போய்விட்டது. தாமியா கிட்டே வந்தால் போதும், "ரெண்டு மீட்டர்! ரெண்டு மீட்டர்!" என்று கத்திக்கொண்டே விலகி ஓடுவார்கள். கெட்ட பிள்ளைகள் என்று சொல்ல மாட்டேன். ஒரே தெருவில் பிறந்து ஒன்றாகவே வளர்ந்ததுகள். புதிதாக ஒருத்தி வந்தால் எங்கே சேர்த்துக்கொள்வதென்று தெரியவில்லை. அதற்காக இப்படியா?

எனக்குக் கோபம் வந்துவிட்டது. டீச்சரிடம் போய் நாலு வார்த்தை கேட்கிறேன் என்று கிளம்பினேன். நான் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியைத் தாமியா பிடித்து நிறுத்தினாள்.

"வேணாம் அத்தை. அப்புறம் டீச்சர் சொன்னாங்கன்னுதான் என்கூட விளையாடுவாங்க" என்றாள்.

அப்போதுதான் பள்ளிக்கூட நாடகம் வந்தது. ரொம்ப காலத்துக்கு முன்னால் ஒரு கப்பலில் இயற்கை ஆராய்ச்சி செய்கிற இளைஞர் ஒருவர் எங்கள் தீவுகளுக்கு வந்தார். எங்கள் தெருவுக்கே அவர் பேர்தான், டார்வின் தெரு. அவர் வந்த நாளை வருஷா வருஷம் தெரு மேடையில் நாடகமாகப் போடுவார்கள். இந்த வருஷம் தாமியா படிக்கிற ஐந்தாம் வகுப்பின் முறை.

அதில் ஒரு காட்சி இருக்கிறது. கடலோரப் பாறையில் கிடக்கும் பெரிய கறுப்பு ஓணானைப் பிடித்து அவர் கடலில் வீசுகிறார். அது நீந்தி நேராக அவர் நிற்கிற இடத்துக்கே வருகிறது. மறுபடி வீசுகிறார். மறுபடி வருகிறது. இது கட்டுக்கதை இல்லை, அவரே எழுதி வைத்தது.

டார்வினாக யாண்ட்ரி என்ற பையன் நடித்தான். அவனிடம்தான் நீளமான கோட்டு இருந்தது. ஓணான் வேஷத்துக்கு மட்டும் யாரும் வரவில்லை. கறுப்புச் சாக்கு மாட்டிக்கொண்டு தவழ வேண்டும், பேச ஒரு வரி கிடையாது. போதாததற்கு அந்த ஓணான் மூக்கால் உப்புத் தண்ணீரைத் தும்மும். கடைசியில் வேஷம் தாமியாவுக்கு வந்தது.

கடலுக்கு என்ன செய்வது? நீல விரிப்புப் போட்ட மெத்தைதான் கடலாம். யார் மெத்தை? என் மெத்தை. எனக்கு இருப்பதே அது ஒன்றுதான். ஒத்திகை நடந்த அத்தனை நாளும் நான் தரையில் படுத்தேன், என் இடுப்பைக் கேட்டால் சொல்லும்.

ஒத்திகையில் யாண்ட்ரி தாமியாவின் இரண்டு கையையும் பிடித்துச் சுழற்றி மெத்தையில் வீசுவான். அவள் தவழ்ந்து அவன் காலடிக்கே வருவாள். "என்ன முட்டாள் பிராணி!" என்பான் அவன். எல்லாரும் சிரிப்பார்கள். அந்த வரி பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துப்போய், விளையாட்டு நேரத்திலும் அவளைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு மறுநாள் அவர்களிடமே போய் நிற்பாள்.

முழங்கை எல்லாம் சிராய்ப்பு. வலிக்கவில்லையா என்று கேட்டேன்.

"வலிக்குது அத்தை. ஆனா அப்ப மட்டும்தான் யாராவது என் கையைப் பிடிக்கிறாங்க."

நான் அவள் தட்டில் இன்னொரு வாழைக்காயை வைத்தேன்.

ஓணான் ஏன் திரும்பி வந்தது என்று அவள் மாரிசோல் டீச்சரிடம் கேட்டிருக்கிறாள். டார்வினும் அதைத்தான் யோசித்தாராம். கடலில் சுறா உண்டு, கரையில் அதை இதுவரை எதுவும் துரத்தியதில்லை, அதனால் பயம் வந்தால் கரைக்கே ஓடி வருகிறது என்பது அவர் முடிவு. எங்கள் தீவு ஆமைகளும் அப்படித்தான் மனுஷரைக் கண்டு பயப்படாமல் இருந்தன. அந்தக் காலத்துக் கப்பல்கள், அவர் வந்த கப்பலும்தான், அவற்றைச் சாப்பாட்டுக்கு அள்ளிக்கொண்டு போயின. பயப்படத் தெரியாததுகளிடம் நாம்தான் பார்த்து நடக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னாராம். தாமியா இதை அப்படியே என்னிடம் வந்து சொன்னாள்.

நாடக நாள் வந்தது. மேடை முன்னால் நல்ல கூட்டம். மேடையின் ஒரு மூலையில் என் மெத்தை நீலக் கடலாகக் கிடந்தது. கப்பல் காட்சி முடிந்து எல்லாரும் கை தட்டினார்கள். தட்டி முடிப்பதற்குள் ஒரு இளம் கடற்சிங்கம் ஈரம் சொட்டச் சொட்டப் படியேறி வந்தது. மெத்தையை முகர்ந்து பார்த்தது. நட்டநடுவில் படுத்தது. தூங்கியே போய்விட்டது.

கூட்டம் சிரித்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். விரிப்பு ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்துவிடலாம் என்று ஒரு பெரிய மனுஷர் யோசனை சொன்னார். மாரிசோல் டீச்சர் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டார். வேறு வழியில்லை, ஓணான் காட்சியை விட்டுவிடலாம் என்று டீச்சர் சைகை காட்டினார்.

தாமியா சாக்கை மாட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றிருந்தாள். அவளுக்கு இருந்ததே அந்த ஒரு காட்சிதான். யாண்ட்ரி அவளிடம் போய், "நீ இறங்கிரு, உன் சீன் இல்ல" என்று முணுமுணுத்தான். அவள் அவனையும் தூங்குகிற கடற்சிங்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குப்புறப் படுத்தாள். கடற்சிங்கத்தை விட்டு நன்றாக விலகி, மேடையைச் சுற்றித் தவழ்ந்து வந்து, யாண்ட்ரியின் காலடியில் படுத்துக்கொண்டாள்.

வீசக் கடல் இல்லை. யாண்ட்ரி திருதிருவென்று விழித்தான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே வரி. அதைச் சொன்னான்.

"என்ன முட்டாள் பிராணி!"

எல்லாரும் சிரித்தார்கள். ஓணான் எழுந்து நின்றது.

"முட்டாள் இல்ல" என்றாள் தாமியா. கடற்சிங்கம் விழித்துவிடக் கூடாதென்று மெதுவாகத்தான் பேசினாள். அது காதில் விழ வேண்டுமென்று கூட்டமே அடங்கிவிட்டது. "இந்தக் கரையில இருக்கிறவங்க நல்லவங்கன்னு அது நம்புது. அதனாலதான் நீ தூக்கிப் போட்டாலும் உன்கிட்டயே வருது."

அவள் தலை குனியவில்லை.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓணானைப் பற்றி மட்டும் அவள் பேசவில்லை என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. யாண்ட்ரியின் காது சிவந்துபோனது. தொப்பியைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"இனிமே தூக்கிப் போட மாட்டேன்" என்றான். இது நாடகத்தில் இல்லாத வரி.

கடற்சிங்கம் தூங்குகிறதே என்று யாரும் கை தட்டவில்லை. சத்தமில்லாமல் கையை மட்டும் ஆட்டினார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம் நறுக்கினேன் என்று பக்கத்துக் கடைக்காரியிடம் சொல்லிவைத்தேன்.

கூட்டம் கலைந்தது. கடற்சிங்கம் தானாக எழுகிற வரைக்கும் மெத்தையை எடுக்க முடியாது. தெரியாத பயணிகள் யாராவது வந்து தொட்டுவிடாமல் ஒருவர் காவல் இருக்க வேண்டும். தான் இருப்பதாகத் தாமியா சொன்னாள். அப்பா படகில் போயிருந்தார், வீட்டில் அவளுக்காகக் காத்திருக்க யாரும் இல்லையே.

யாண்ட்ரி இன்னும் உட்கார்ந்தே இருந்தான். போகவில்லையா என்று அவள் கேட்டதற்கு இல்லையென்று தலையாட்டினான். கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி வந்து உட்கார்ந்தாள். அப்புறம் இரண்டு பேர். பிறகு பாதி வகுப்பே வந்துவிட்டது. ஓணான் மாதிரி தும்முவது எப்படி என்று தாமியா கிசுகிசுப்பாகச் சொல்லிக்கொடுக்க, அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் தட்டு நிறைய வாழைக்காய் பொரித்துக் கொண்டுபோய் வைத்தேன்.

பொழுது சாய்ந்த பிறகு கடற்சிங்கம் கண்ணைத் திறந்தது. சோம்பல் முறித்து, படியிறங்கி, யாரையும் திரும்பிப் பார்க்காமல் கடலுக்குள் போய்விட்டது.

மெத்தை காலியாகிவிட்டது. பிள்ளைகளில் ஒருவர்கூட வீட்டுக்குக் கிளம்பவில்லை.