காரைப்பதி கோட்டைவாசலில் ஏறிய கொடி

"கல்லுல எழுத்து வெட்டறதுக்கு முன்னால நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லோணுங்க அக்கா" என்றபடிதான் நஸ்ரின் உள்ளே வந்தார். கூடவே தை மாதத்துக் காற்றும் வந்தது. கிழக்குச் சன்னல் படாரென்று அடித்துக்கொள்ள, அப்புசாமி ஓடிப்போய்க் கொக்கி மாட்டினார்.

கோவையில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற செல்வலட்சுமி, பொள்ளாச்சிக்குப் பக்கத்துக் கோபாலபுரத்தில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். அவருக்குக் கார் ஓட்டும் அப்புசாமிக்கு வண்டியைவிட மூளை வேகம். எந்த வழக்கிலும் ஐந்தே நிமிடத்தில் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவார், பெரும்பாலும் தப்பான ஆளை.

காரைப்பதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நஸ்ரின் ஒரு பழைய புகைப்படத்தை மேசைமேல் வைத்தார். கோட்டைவாசலின் மாடத்தில் மூவர்ணக் கொடி பறந்தது. கயிற்றைப் பிடித்தபடி தாடிக்காரர் ஒருவர் நின்றார். "எங்க தாத்தா மீரா ராவுத்தருங்க."

காரைப்பதி ஒரு காலத்தில் தனி சமஸ்தானம். மாட்டுவண்டியில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லை தாண்டிவிடலாம். ஆனால் அந்த ஊர்க்காரர்களிடம் 'சின்ன சமஸ்தானம்' என்று சொல்லிவிட்டு முழுசாகத் திரும்ப முடியாது. 1947-இல் அதன் ராஜா, தன் ஊரில் வேறு கொடி ஏற்றினால் சிறை என்று தண்டோரா போட்டார்.

"அந்த ஆகஸ்ட் பதினஞ்சுலதான் தாத்தா ஏத்துனாரு. ஏத்திட்டு அன்னைக்கே பொள்ளாச்சிக்குத் தப்பிச்சுட்டாரு. வாசல்ல கல்வெட்டு வெக்கற ஊர்க் கமிட்டித் தலைவர் ராஜசேகரண்ணன் ஒத்துக்க மாட்டேங்கறாரு. இது 1950 குடியரசு தினத்துல எடுத்த படம், அப்ப சமஸ்தானமே இல்ல, யாரு வேணா ஏத்தலாம்ங்கறாரு. அப்படியே கல்லுல வெட்டிட்டா எங்க தாத்தா பொய்யராயிடுவாருங்க."

"வேற வருசமா இருக்காதா?" என்று கேட்டார் செல்வலட்சுமி.

"இல்லீங்க. நாப்பத்தேழு ஐப்பசி மழையில வாசல் இடிஞ்சுது. நாப்பத்தொம்பது கார்த்திகையிலதான் அதே கல்லை வெச்சு அச்சு அசலா கட்டுனாங்க. அம்பது மாசியில தாத்தா மௌத்தாயி அடங்கிட்டாரு. அண்ணனும் இதை ஒத்துக்கறாரு."

"கேஸ் முடிஞ்சுது அம்மணி" என்றார் அப்புசாமி. "ராஜசேகர் படத்தை மாத்திப்போட்டாரு."

"ஏனுங்க அப்புசாமி, படம் நஸ்ரின் ஊட்டுலயே இருந்துதே?"

அப்புசாமி கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

தெற்குப் பார்த்த கோட்டைவாசல், குடியரசு தினத் தோரணமும் கொடியுமாகக் களைகட்டியிருந்தது. அதைப் பார்த்ததும், தான் பக்கத்து ஊரான வடகரப்பதிக்காரர் என்பதையும் மறந்து அப்புசாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். கல்தச்சர் உளியோடு காத்திருந்தார். பக்கத்தில் ராஜசேகர் நின்றார்.

"மேல ஏற எத்தனை வழிங்க?" என்று கேட்டார் செல்வலட்சுமி.

"ஒண்ணுதானுங்க. இந்த இரும்புக் கதவுக்குள்ள படி. அந்தக் காலத்துல எங்க தாத்தாதான் கொட்டாரத்துக் கார்யஸ்தர், அரமனைச் சாவியெல்லாம் அவருகிட்டதான். ராஜாவே வந்தாலும் தாத்தாதான் பூட்டைத் தொறக்கோணும்."

செல்வலட்சுமி மாடத்தை நிமிர்ந்து பார்த்தார். "அப்புசாமி, கொடி எந்தப் பக்கம் பறக்குதுங்க?"

"மேக்கால, பாலக்காட்டுப் பக்கம். நமக்கு இடது கை."

"படத்துல?"

அப்புசாமி உற்றுப் பார்த்தார். "வலது கை. கெழக்கால, பொள்ளாச்சிப் பக்கம்."

"படத்தை இடவலமாத் திருப்பிப் பிரிண்ட் போட்டிருக்கலாமுங்க" என்றார் ராஜசேகர்.

"படத்துல வாசல் மேல இருக்கற எழுத்து நேராப் படிக்க வருது. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஆடி ஆவணியில மேக்க இருந்து அடிக்கும், தையில கெழக்க இருந்து அடிக்கும். ஆகஸ்ட் பதினஞ்சு ஆடிக் கடைசி, குடியரசு தினம் தையில. ஒரு நாளாவது தையில காத்துத் திரும்பி அடிச்சதை நீங்க பாத்திருக்கீங்களா? உங்க ஊருதானுங்க, நீங்களே சொல்லுங்க."

ராஜசேகர் மாடத்துக் கொடியை அண்ணாந்து பார்த்தார். அந்த மண்ணில் பிறந்தவர் அந்தக் காற்றைப் பற்றிப் பொய் சொல்ல முடியாது. "பாத்ததில்லீங்க" என்றார் கடைசியில். "நாப்பத்தேழுன்னு எழுதுனா, கொடியைத் தடுக்க நின்ன ராஜா விசுவாசின்னு எங்க தாத்தாவை ஊரே பேசும். இப்பவே பேசறாங்க. அதனாலதான் அந்தத் தேதி வேண்டாம்னு நின்னேன்."

"அப்ப இதையும் பாத்துருங்க." செல்வலட்சுமி பூதக்கண்ணாடியைப் படத்தின் அடிப்பக்கம் வைத்தார். இரும்புக் கதவு திறந்திருந்தது. பூட்டு உடையாமல் வளையத்தில் தொங்கியது, சாவி அதிலேயே இருந்தது. "மீரா ராவுத்தர் எப்படி மேல போனாருங்க?"

ராஜசேகர் பூதக்கண்ணாடியை வாங்கிப் படத்திலிருந்த பூட்டைப் பார்த்தார். சாவி யாரிடம் இருந்தது என்று சற்று முன் அவர்தானே சொன்னார்.

"கதவைத் தொறந்தது யாருன்னு கேட்டா, தாத்தா சாகற வரைக்கும் பெத்த மகன்கிட்டக்கூடச் சொல்லலைன்னு எங்க அத்தா சொல்லுவாரு" என்றார் நஸ்ரின். "ராஜா ஆளுங்க கையில சிக்க வெச்சுடக் கூடாதுன்னு காப்பாத்தியிருக்காரு அண்ணா, உங்க தாத்தாவை."

ராஜசேகர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "1947 ஆகஸ்ட் பதினஞ்சுன்னு வெட்டுங்க" என்று கல்தச்சரிடம் சொன்னார். "கொடியேத்துனது மீரா ராவுத்தர்."

"அதுக்குப் பக்கத்துலயே, கதவைத் தொறந்தவரு பேரும் வெட்டோணும்" என்றார் நஸ்ரின்.

கல்தச்சர் நிமிர்ந்தார். "பேரு என்னங்க?"

"அங்கமுத்து" என்றார் ராஜசேகர், கடைவீதி முழுக்கக் கேட்கும்படி. "எங்க தாத்தா அங்கமுத்து."