கார்டு மட்டும் காணவில்லை

'அது பறவை இல்லை.'

லென்ஸ் வழியாகப் பார்த்ததும் அவள் மனதில் ஓடிய முதல் எண்ணம் அதுதான்.

அடுத்த எண்ணம்... 'பறவையாக இருந்துவிடக் கூடாதா?'

ஒரு நிமிடத்துக்கு முன்னால்வரை அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

பொழுது அப்போதுதான் விடிந்திருந்தது. கரை பின்னால் ஒரு கோடாகத் தேய்ந்துபோயிருந்தது. முன்னால், கடலுக்கு நடுவே, அந்த ஒற்றைப் பாறை. பாறை கொள்ளாமல் ஆலா என்ற கடற்பறவைகள். வெள்ளை உடம்பு, கருப்புக் கொண்டை, எல்லாம் காற்றைப் பார்த்து வரிசையாக. அலகு மஞ்சள் என்றால் பெரிய கொண்டை ஆலா. ஆரஞ்சு என்றால் சின்ன கொண்டை ஆலா. கடலில் படம் எடுக்கப் போகிறவர்களின் அரிச்சுவடி அது.

அவள் துடுப்பை மடியில் கிடத்தினாள். முழங்கால்களைக் கயாக் படகின் உள்பக்கம் அழுத்தி மூச்சை அடக்கினாள். அலை தூக்கும்போது எடுக்கக் கூடாது. இறக்கும்போதும் கூடாது. நடுவே கடல் ஒரு கணம் சும்மா இருக்கும்...

க்ளிக்.

அப்போதுதான் அதைப் பார்த்தாள். கூட்டத்துக்கு நடுவே ஒன்று. அலகின் நுனி மட்டும் மையில் தோய்த்தாற்போலக் கருப்பு.

கருநுனி ஆலா.

அதைப் பார்க்காமலே தலை நரைத்துப்போனவர்கள் அவர்களுடைய பறவைச் சங்கத்தில் உண்டு. அவள் கணவனே அதைத் தேடி வருஷக்கணக்காக அலைந்தவன்.

விரல் வலிக்கும்வரை எடுத்தாள். பிறகு லென்ஸை மெதுவாகக் கீழே இறக்கினாள். பாறையின் அடியில், தண்ணீர் மோதும் இடத்தில், ஒரு ஆரஞ்சு நிறம்.

லைஃப் ஜாக்கெட்.

அதற்குள் ஓர் ஆள்!

"கேப்டன்..."

துடுப்பை வலித்தாள். நெருங்க நெருங்க அந்த நரைத்த பின்னந்தலை தெரிந்தது. கப்பலில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு பறவைச் சங்கத்தை நடத்தி வந்த மனிதர். முந்தின நாள் சாயந்திரம் போனில் அவளைக் கூப்பிட்டவரும் அவர்தான்.

"கொக்கு, காலைல ஒத்தைப் பாறைக்கு வா. ஒண்ணு காட்டறேன்."

அசையாமல் உட்கார்ந்து படம் எடுப்பதால் அவளுக்கு அவர் வைத்த பெயர் கொக்கு.

"காலைல ஒத்தைப் பாறைலயா? என்னன்னு சொல்லுங்க கேப்டன்."

"சொன்னா ருசி போயிடும். உன் வீட்டுக்காரன்கிட்ட மூச்சு விடாத. அவன் வந்தான்னா அது அவன் பறவையாயிடும்."

சிரித்துவிட்டு வைத்தார். அந்தச் சிரிப்புக்குச் சொந்தக்காரர் இப்போது தண்ணீரில் முகம் புதைத்துக் கிடந்தார். பின்னந்தலையில் நீளமாக ஒரு பிளவு.

பாறைக்குப் பின்னால் ஏதோ அசைந்தது.

அவள் துடுப்பை இறுகப் பிடித்துத் திரும்பினாள்.

நீர்க்காகம். சிறகை உலர்த்திக்கொண்டு அவளை ஏளனமாகப் பார்த்தது.

பையில் இருந்து போனை எடுத்தாள். முதலில் கடலோரப் போலீஸ். அடுத்து கணவன்.

"கேப்டன் செத்துட்டார். ஷெட்டுக்கு வாங்க."

"ம்" என்றான். வைத்துவிட்டான்.

எப்படி என்று கேட்கவில்லை. எங்கே என்றும் கேட்கவில்லை. 'தூக்கக் கலக்கமாக இருக்கும்' என்று அவள் மனம் அவசர அவசரமாகச் சமாதானம் சொல்லிக்கொண்டது. அவனுக்காகச் சமாதானம் சொல்லிச் சொல்லி அது கைதேர்ந்த மனம்.

* * *

கயாக்குகளை அடுக்கி வைத்திருந்த ஷெட்டில் ரப்பர் வாசனையும் உப்பு வாசனையும் கலந்து அடித்தன. மேஜைமேல் கேப்டனின் நீர் புகாத பை இருந்தது. பாறை இடுக்கில் செருகிக் கிடந்த அவர் கயாக்கோடு போலீஸ் படகு அதையும் இழுத்து வந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. கடலில் வேலை பார்த்தும் கடல் ஒத்துக்கொள்ளாத முகம்.

"அலை தூக்கி அடிச்சிருக்கும். பாறைல மண்டை மோதியிருக்கும். வயசு வேற ஆயிடுச்சு. கேஸ் அவ்வளவுதான்னு நினைக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

"இந்தப் பையைத் திறக்கலாமா மேடம்?"

"நான் திறக்கறேன். நீங்க கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க."

பையின் வாய் சுருட்டி மடிக்கப்பட்டு, கிளிப் போடப்பட்டிருந்தது. உறை மாட்டிய கையோடு இன்ஸ்பெக்டர் அதோடு மல்லுக்கட்டினார். உள்ளே கேமரா. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"அடியில சின்னக் கதவு இருக்கு பாருங்க. அதைத் தள்ளுங்க."

தள்ளினார். உள்ளே காலி.

"மெமரி கார்டு இல்லையே."

"கார்டு இல்லாம கேப்டன் கடலுக்கு வரமாட்டார் மேடம். சாப்பாடு இல்லாம வருவார்."

"அப்போ யாரோ எடுத்திருக்காங்க. திருட்டுன்னு சொல்றீங்களா?"

"திருடன் கேமராவை எடுப்பான். இந்த லென்ஸை வித்தா ஒரு வண்டி வாங்கலாம். கார்டை மட்டும் எடுத்தவன் திருடன் இல்ல... பறவைக்காரன்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கேஸ் அவ்வளவுதான் என்ற பேச்சு அதோடு முடிந்துபோனது.

"இன்னொண்ணு பாருங்க" என்றாள் அவள். சொல்லும்போதே ஏன் சொல்கிறோம் என்று இருந்தது. "ஒரு மனுஷனை அடிச்சுப் போட்டுட்டு, கார்டை உருவிட்டு, திரும்ப கேமராவைப் பைக்குள்ள வச்சு, மடிச்சு, கிளிப் போட்டுட்டுப் போயிருக்கான். கேமரா நனையக் கூடாதாம். அது எங்க எல்லாருக்கும் கையில ஊறின பழக்கம்."

"அடேங்கப்பா. மனுஷன் நனையலாம், லென்ஸ் நனையக் கூடாது." இன்ஸ்பெக்டர் கேமராவை மேஜைமேல் வைத்தார். "உங்க கூட்டத்துல கேப்டனுக்கு ஆகாதவங்க யாரு?"

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் நிழல் விழுந்தது.

அவள் கணவன்.

பறவைப் புத்தகங்கள் எழுதி ஊர் உலகமெல்லாம் பெயர் வாங்கியவன். நேராக வந்து அவள் தோளைப் பிடித்தான்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

குரலில் அக்கறை இருந்தது. உடம்பில் சோப்பு வாசனை. இவ்வளவு காலையில் அவன் குளித்து அவள் பார்த்ததே இல்லை. ராத்திரி எழுதும் அறையிலேயே தூங்குவான். அவள் கிளம்பியபோது அந்தக் கதவு மூடியிருந்தது. மூடிய கதவைத் தட்டும் வழக்கம் அவள் வீட்டில் கிடையாது. நேற்று சாயந்திரம் கேப்டனிடம் அவள் போனில் பேசிக்கொண்டிருந்தபோது மட்டும்... அந்தக் கதவு பாதி திறந்திருந்ததா?

"சார், காலைல எங்க இருந்தீங்க?"

"வீட்லதான் மேடம். எழுதிக்கிட்டிருந்தேன். இவ போன் பண்ணினப்பதான் எழுந்தே வந்தேன்."

"கேப்டன்கிட்ட கடைசியா எப்போ பேசினீங்க?"

"ஒரு மாசமாச்சு. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே இல்ல. நான் ஒரு பறவையைப் பார்த்தேன்னு எழுதினேன். படம் இல்லாம பறவை இல்லைன்னு சங்கத்துல வச்சு எல்லார் முன்னாடியும் மூக்கை உடைச்சார். அதுக்காக அவர் சாகணும்னு நான் நினைப்பேனா?"

"நான் அப்படிக் கேட்கலையே சார்."

"இல்ல... சொன்னேன்."

அவன் நகர்ந்துபோய் துடுப்புகள் சாத்தியிருந்த சுவரோரம் நின்றான். மேஜைக்கு அந்தப் பக்கம்.

இன்ஸ்பெக்டர் அவளுடைய கேமராவைச் சுட்டினார். "நீங்க இன்னிக்கு எடுத்ததைக் காட்டுங்க."

அவள் திரையை இன்ஸ்பெக்டர் பக்கம் திருப்பி நீட்டினாள். சுவரோரம் நின்றவனுக்குக் கேமராவின் முதுகுகூடத் தெரியாது. லென்ஸ் மூடிதான் தெரியும்.

"இது என்ன, எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. நடுவுல இருக்கே, இது என்ன பறவை?"

அவள் திரையைப் பார்க்கவில்லை. மேஜைமேல் ஓடிய ஒரு கீறலைப் பார்த்தாள்.

"சின்ன கொண்டை ஆலா மேடம். சாதாரணமா வர்றதுதான்."

சுவரோரம் அவள் கணவன் நிமிர்ந்தான்.

'பேசாதே' என்றது அவள் மனம். யாரைப் பார்த்துச் சொல்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"சின்ன கொண்டையா?" அவள் கணவன் 'ச்சு' கொட்டினான். "எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? அலகு நுனி கருப்பா இருக்கறது எப்படி சின்ன கொண்டையாகும்? அது கருநுனி."

இன்ஸ்பெக்டர் திரையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். பிறகு, அவசரமே இல்லாமல், எழுந்தார்.

"எப்படித் தெரியும் சார்? நீங்க இன்னும் படத்தையே பார்க்கலையே."

அவன் கை தன்னையறியாமல் சட்டைப் பையைத் தொட்டது. பேசியபோது மேடைப் பேச்சாளனின் சரளம் திரும்பியிருந்தது.

"இவ சொன்னா மேடம். போன் பண்ணினப்போ. நுனி கருப்பா ஒரு ஆலா இருக்குன்னு. அதிர்ச்சில இப்போ மறந்துட்டு உளர்றா. ஆமான்னு சொல்லும்மா."

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரே ஒரு 'ஆமாம்'. அவள் வீட்டில் அதைவிட மலிவான சொல் இருந்ததில்லை. அவன் முதல் புத்தகத்தின் அட்டைப்படம் அவள் எடுத்தது. வெளியீட்டு விழாவில் யாரோ கேட்டார்கள், "சார் எடுத்ததா?" "ஆமாம்" என்றாள். அடுத்த புத்தகத்துக்கு யாரும் கேட்கக்கூட இல்லை. அவளாகவே "ஆமாம்" என்று சிரித்தாள். அது தியாகம் என்று நினைத்திருந்தாள். சோம்பல் என்று இப்போது தோன்றியது. சண்டை போடுவதற்குச் சோம்பல்.

இப்போது மட்டும் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் கேப்டன் பாறையில் வழுக்கி விழுந்த கிழவராகிவிடுவார். மாலையில் இருவரும் வீட்டுக்குப் போகலாம். அந்தக் கதவு மறுபடி மூடிக்கொள்ளும். அதற்குள் இருப்பது யார் என்று தெரிந்துகொண்டே அவள் வெளியே இருந்து தேநீர் வைத்துவிட்டு வரலாம்.

அவன் கண்கள் கெஞ்சின. அவற்றை அவள் காதலித்தது நிஜம்.

"நான் சொல்லல" என்றாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"கேப்டன் செத்துட்டார், ஷெட்டுக்கு வாங்க. ரெண்டே விஷயம்தான் சொன்னேன். நீங்க 'ம்'னு வச்சுட்டீங்க."

"இங்க பாரு, என் உயிர் போற விஷயம் இது."

"கேப்டனுக்குப் போயிடுச்சுங்க."

இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் அவன் சட்டைப் பையில் இருந்து மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்தார். கண்ணாடிக்கு அடியில் லென்ஸ் துடைக்கும் துணி. துணிக்குள், பச்சைக் குழந்தையைச் சுற்றியதுபோலப் பத்திரமாக, ஒரு கார்டு.

இன்ஸ்பெக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய கடல் பக்கத்துலயே இருந்துச்சு. இதை அதுல விட்டெறிஞ்சிருந்தா எங்க கையில ஒண்ணுமே இருந்திருக்காது. ஏன் சார் எறியல?"

அவன் முகத்தில் அன்று முதல் முறையாக உண்மையான அதிர்ச்சி தெரிந்தது.

"கடல்லயா? கருநுனியையா?"

அவன் மெல்ல பெஞ்சில் உட்கார்ந்தான்.

"அடிக்கணும்னு போகல. அவருக்கு முன்னாடி போய்ப் பார்த்துடணும்னுதான் போனேன். இருட்டோட போயும் எனக்கு முன்னாடி அங்க இருந்தார், நேத்து எடுத்த படத்தைப் பார்த்துக்கிட்டு. ஒரே ஒரு படம் கொடுங்கன்னு கேட்டேன். சிரிச்சார். 'இது கொக்குவுக்கு வச்சிருக்கேன், அவ பேர்ல வரட்டும்'னார். துடுப்பு கைல இருந்துச்சு... அவ்வளவுதான்."

'அவ பேர்ல வரட்டும்.'

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கேப்டனுக்காக அழ வேண்டும் என்று அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அதற்குத் தனியாக இருக்க வேண்டும். இவன் முன்னால் முடியாது.

கான்ஸ்டபிள் அவனை எழுப்பினார். வாசலைத் தாண்டும்போது அவன் நின்றான். குரலில் பழைய அதிகாரம் தலைதூக்கியது.

"உனக்கு அது என்னன்னுகூட அடையாளம் தெரியல. சின்ன கொண்டைன்னு சொன்ன. நான் மட்டும் இல்லைன்னா அந்தப் படம் குப்பைக்குத்தான் போயிருக்கும். சங்கத்துக்கு அனுப்பும்போது அடையாளம் கண்டது நான்னு போடு. அதையாவது செய்."

"மாட்டேன்" என்றாள் மெதுவாக.

"ஏன்?"

"தெரிஞ்சேதான் தப்பா சொன்னேன். நான் சரியா சொல்றது எதுவும் உங்க காதுல விழறதில்லையே."