எண்பது விழுக்காடு

மனைவி சுடர்மதி இறந்த பதினைந்தாம் நாள் காலை. இளம்பரிதியின் மனச்சுமை பன்னிரண்டு விழுக்காடு என்று பிடரியில் பதித்த சில்லு காட்டியது.

மறுநாள் காரியம். அவளுக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும். என்ன பிடிக்கும்? அவனுக்கு நினைவில்லை.

சுமைச்சமனி வந்து ஆறு வருடம். ஒரு தலையில் பாரம் எண்பதைத் தாண்டினால், அந்தப் பாரத்தைச் சும்மா இருக்கும் வேறொரு தலைக்கு மாற்றிவிடும். பயம், துக்கம், அவற்றோடு ஒட்டிய நினைவு எல்லாம் போகும். பெயரும் முகவரியும் மட்டும் போகாது. வாங்கிய தலை அதை வேறு யாருக்கும் தள்ள முடியாது; அதே ஆளின் அடுத்த பாரமும் அங்கேதான் போகும். நகரத்தில் தற்கொலை நின்றுபோனது. சமனியின் விதிகளை எழுதிய நால்வரில் இளம்பரிதி ஒருவன்.

பதிவேட்டைத் திறந்தான். அவன் துக்கம் மாதவரத்தில், ஒரு கிடங்கின் வாட்ச்மேனிடம் இருந்தது.

வாட்ச்மேன் எத்திராஜ் கிடங்கு வாசலில் நாற்காலியில் அழுதுகொண்டிருந்தார்.

"சரக்கு எடுக்கவா சார்? பில்லு காட்டு."

"இல்லைங்க. உங்க தலையில இருக்கிறது என்னோடது. என் மனைவி."

எத்திராஜ் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீதானா அது! கண்ணாலமே ஆவாதவன், பொண்டாட்டிக்கு அழுதுக்கினு கெடக்கேன். டீக்கடையில சிரிக்கிறானுங்க."

"அவளுக்கு என்ன பிடிக்கும்?"

"கேசரி. முந்திரி போடக்கூடாது. பல்லுல மாட்டும்னு சொல்லும்." மூக்கைத் துடைத்தார். "எடுத்துக்கினு போ சார். முடியல."

துக்கத்தைத் தனக்கே திருப்பித் தரச் சொல்லிச் சமனிக்குக் கட்டளையிட்டான். சமனி மறுத்தது: உரியவர் எண்பதைத் தாண்டுவார். அவனே எழுதிய விதி.

"ஒண்ணு கேக்கறேன் சார். அது போன அன்னிக்குக் காலையில நெஞ்சு அடைக்குதுன்னு சொல்லிச்சே. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்னு எனக்குப் பதறிச்சு. எங்கன்னு ஓடுவேன்? வூடு தெரியாதே. நீ ஏன் சார் கூட்டிக்கினு போவல?"

இளம்பரிதி பதிவேட்டில் அன்றைய காலையைத் தேடிப் பார்த்தான். அலுவலகத்தில் ஒரு வேலையை முடித்தாக வேண்டிய நாள். சுமை ஏற்கெனவே எழுபது. அவள் சொன்னதும் பயம் வந்தது, எண்பதைத் தாண்டியது, போய்விட்டது. அவன் நிம்மதியாகக் கிளம்பிப் போனான்.

பிடரி சுட்டது. தொண்ணூற்றேழு. இளம்பரிதி மண்ணில் மண்டியிட்டான். கத்த வாயைத் திறந்தான்.

பன்னிரண்டு.

எழுந்து முட்டியிலிருந்த மண்ணைத் தட்டினான். எதற்கு மண்டியிட்டோம் என்று யோசித்தான்.

நாற்காலியில் எத்திராஜ் நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"நான்தான் கொன்னுட்டேன்," என்றார். "நான்தான்."